அருவி இல்லாத ஊரிலிருந்து

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் நாலு சொல் தட்டிவிடாமல் இன்னும் பேனையும் தாளுமாக நிற்கிற உன் பிடிவாதத்துக்காகவே நானும் எழுதுகிறேன். இங்கே நல்ல மாரி. இரணைமடுக் குளத்தில் வான் கதவு திறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான். மற்றப்படி சுகம்.

பிள்ளைகள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நாங்கள் படித்தது ஜாம் போத்தில் விளக்கில். காற்றடித்தால் ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி ஏது? சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றித்தானே ரேடியோ கேட்டோம். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகுதான் நான் முதன்முதல் கொம்பியூட்டரைத் தொட்டேன். அதுவும் கோயிலுக்குள் போவது மாதிரி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு. இன்றைக்கு என் வகுப்புப் பெடியள் அதைத் தட்டுகிற தட்டைப் பார்த்தால் சிரிப்பாய்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற கொம்பியூட்டர் ஆறு. ஒன்றுக்கு மூன்று பேர். கேத்திர கணிதம் என்றால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். ஸ்கிராட்ச் என்று பிள்ளைகளுக்கான ஒரு மென்பொருள் இருக்கிறது. கட்டளைத் துண்டுகளை அடுக்கினால் திரையில் பூனை நடக்கும், நடந்த வழியில் கோடு விழும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகக்காரர் 2007 இல் வெளியிட்டது. இதற்கு மூத்தது லோகோ, 1967 இல் சீமூர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் செய்தது. அதில் பூனை இல்லை, ஆமை.

"சமபக்க முக்கோணி கீறுங்கோ" என்றேன். வகுப்பில் வாயே திறக்காத ஒருவன், திரும்ப வேண்டிய இடத்தில் 60 பாகை போட்டான். முக்கோணியின் கோணம் 60 தானே! பூனை மூன்று தரம் நடந்தது, கோடு மூடவில்லை. அறுகோணியில் பாதியை வெட்டிவைத்த மாதிரி நின்றது. என்னைப் பார்த்தான், நான் பேசவில்லை. 90 போட்டான். 100 போட்டான். 120 போட்டதும் மூடிக்கொண்டது. அப்புறம் எழும்பி, நிலத்தில் தானே பூனை மாதிரி நடந்து திரும்பிப் பார்த்தான். "சேர், இது உள்ளுக்க இருக்கிற கோணமில்லை, வெளியில மிச்சம் இருக்கிறது!" புறக்கோணம் என்று மூன்று கிழமையாக நான் கரும்பலகையில் கத்தியது இதைத்தான்.

அன்றைக்கு எத்தனை தரம் பிழைவிட்டான், ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் காலத்தில் பிழைவிட்டால் வாத்தியாரின் பூவரசந்தடி எவ்வளவு வேகமாக வரும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் பத்தாம் வகுப்பு வரை நான் கையே உயர்த்தியதில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வீட்டுக்கு வீடு போன் வந்தது. ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள். டேற்றா முடிந்தால் பாடமும் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் கையைவிட்டுப் போகவில்லை. இப்போது கணக்கைப் படம் பிடித்தால் செய்கை முறையோடு விடை வருகிறது. கட்டுரை கேட்டால் கட்டுரையும் வருகிறது. போன மாதம் தமிழ் டீச்சர் ஒரு பெடியனின் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். 'எங்கள் கிராமம்' என்பது தலைப்பு. முதல் வரியிலேயே மலையிலிருந்து சலசலத்து விழுகிறது ஓர் அருவி. வன்னியில், மச்சான்! குளக்கட்டைவிட உயரமாக இவன் எதைக் கண்டான்?

டீச்சர் ஏசவில்லை. 'இந்த அருவிக்கு என்னையும் ஒருநாள் கூட்டிப்போ' என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டார். மறுநாள் அரைப் பக்கம் எழுதிவந்தான். எழுத்துப்பிழை ஒரு பத்து இருக்கும். ஆனால் அதில் வாய்க்கால் இருந்தது, அதில் மாடு குளிப்பாட்டுகிற சித்தப்பா இருந்தார். அருவிக் கட்டுரையில் ஒரு பிழைகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை. பூனைக்குப் பின்னால் திரிந்தவன் தன் தலையைப் போட்டு உடைத்தான். இவன் வேறு யாருடைய தலையையோ வாங்கிவந்திருக்கிறான். இரண்டும் கொம்பியூட்டர்தான். போனைப் பறியுங்கோ என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கத்தினார். பறித்தால் பூனையும் போய்விடும் என்று சொல்ல நினைத்தேன், அவருக்கு விளங்கியிராது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். பழசு என்று ஒதுக்கிவைத்த மடிக்கணினி ஏதும் இருந்தால் கொண்டுவா. சார்ஜரில் 100–240 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார். உங்கள் கனடாக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அம்மா உனக்கென்று ஒடியல் மா இடித்துவைத்திருக்கிறா. பெட்டியில் அதற்கும் இடம் விட்டு வா.

இப்படிக்கு,
உன் பக்கத்து வாங்குக்காரன்