எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்ட அக்கா மகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எடுத்த படங்களைத் திருத்துகிற சாஃப்ட்வேர் பற்றி வாட்ஸ்அப்பில் நீ கேட்டது ஒரே வரி. “மாமா, லைட்ரூமா ஃபோட்டோஷாப்பா, எது வாங்கட்டும்?” பதில் தட்ட ஆரம்பித்து மூன்று தடவை அழித்துவிட்டேன். ஒரு வரியில் பதில் சொல்வதென்றால், இப்போதைக்கு எதையும் வாங்காதே. ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் ராத்திரியே யூடியூபில் யாராவது சொன்னதைக் கேட்டுப் பணம் கட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் சந்தனமாலை போட்டு மாட்டியிருக்கிற அம்மாச்சி படத்தை ஒரு நிமிஷம் நின்று பார். நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள் என்பதால் உனக்குத் தெரியாது. அம்மாச்சி நல்ல கறுப்பு. களை எடுத்து, கதிர் அறுத்து வெயிலிலேயே கிடந்த முகம். சிரித்தால் கண்ணோரத்தில் விசிறி மாதிரி சுருக்கம் விழும். படத்தில் இருப்பவள் கோதுமை நிறம், சுருக்கம் ஒன்றுகூடக் கிடையாது. அவளை அப்படி மாற்றியவன் நான்தான்.

அப்போது ஒரு ஸ்டூடியோவில் டிசைனராக இருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப் 7. 2002-ல் வந்த வெர்ஷன். உலகம் பல வெர்ஷன் தாண்டிப் போன பிறகும் நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மருவையும் சுருக்கத்தையும் தடவியே மறைக்கிற ஹீலிங் பிரஷ் முதன்முதலில் வந்தது அந்த வெர்ஷனில்தான். எங்களுக்கு அது கையில் கிடைத்த மந்திரக்கோல். “கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க தம்பி” என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கும் ஏற்றுவோம், பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கும் ஏற்றுவோம். கேட்காதவர்களுக்கும் ஏற்றிவிடுவோம். கை தானாகவே அந்த வேலையைச் செய்யும்.

அம்மாச்சியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் எடுத்த ஜேபெக் ஃபைலைத் திறந்தேன். முகத்தை மட்டும் வெட்டினேன், கலர் ஏற்றினேன், சுருக்கத்தைத் தடவினேன், கன்ட்ரோல் எஸ் அடித்தேன். அதே பெயர், அதே ஃபோல்டர். மூலப் படம் அங்கேயே அழிந்துவிட்டது. வயதான காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே டிஜிட்டல் படம் அது. பிரிண்ட் எடுத்து மாட்டிய அன்றைக்கு உன் அம்மா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது மூலப் படத்தைத் தொடுமா, தொடாதா?

சரி, உன் கேமராவுக்கு வருவோம். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் கேனான் 1500டி நல்ல கேமரா. ஜேபெக்கில் எடுப்பதை இன்றோடு நிறுத்து, மெனுவில் ரா என்று மாற்று; கேமரா பதிவு செய்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கிற ஃபைல் அது. ஜேபெக் ஆவித்து இறக்கிய இட்லி, ரா ஃபைல் மாவு. மாவு இருந்தால் தோசையும் ஊற்றலாம், பணியாரமும் சுடலாம். இட்லியை வைத்துக்கொண்டு இட்லி உப்புமாதான் கிண்ட முடியும். கணக்காகவும் சொல்கிறேன். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். உன் கேமராவின் 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். கறுத்த முகத்தின் நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்க நினைக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஜேபெக் திட்டுத் திட்டாக உடையும், ரா தாங்கும். ஒரு படம் 30 எம்பிக்குக் கிட்ட வரும், மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பும், அதற்குத் தயாராக இரு.

இந்த ரா ஃபைலைத் திறக்க கேனானே ஒரு சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், சுருக்கமாக டிபிபி. முகப்பைப் பார்த்தால் அரசு அலுவலக ஃபார்ம் மாதிரி இருக்கும், வேகமும் கொஞ்சம் குறைவு. ஆனால் கேமரா காட்டிய நிறத்தை அப்படியே காட்டும். நீ செய்த மாற்றங்களைத் தனிக் குறிப்பாகத்தான் எழுதி வைக்கும், அடியில் இருக்கும் மூலத்தைத் தொடாது. எப்போது வேண்டுமானாலும் முதல் நிலைக்குத் திரும்பலாம். நிக்கான்காரர்களுக்கு இதே மாதிரி என்எக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. கேமரா வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது என் அனுபவம். மூன்று மாதம் இதில் மட்டும் வேலை செய். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வைட் பேலன்ஸ், வெளிச்ச அளவுக்கு எக்ஸ்போஷர், கொஞ்சம் கான்ட்ராஸ்ட். அதற்கு மேல் போகாதே.

மூன்று மாதம் கழித்து இது போதவில்லை என்று தோன்றினால், அப்போது உன் கேள்விக்கு வரலாம். லைட்ரூமா ஃபோட்டோஷாப்பா என்பது அரிவாள்மனையா அம்மியா என்று கேட்பது போல. ஃபோட்டோஷாப் ஒரே ஒரு படத்தை எடுத்துவைத்து மணிக்கணக்கில் உட்காருகிறவனுக்கு. வெட்டி ஒட்ட, பின்னணி மாற்ற, ஆல்பம் ஷீட் டிசைன் செய்ய அது வேண்டும். ஒரு வளைகாப்புக்குப் போய் 600 படம் எடுத்து வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது வெட்டி ஒட்டுவது இல்லை, வேண்டாத படங்களைக் கழிப்பது. 600-ஐ 80 ஆக்கி, ஒன்றில் செய்த திருத்தத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற நாற்பதிலும் ஒரே கிளிக்கில் போடவேண்டும். 2007-ல் லைட்ரூம் வந்ததே இந்த வேலைக்காகத்தான். அதுவும் மூலத்தைத் தொடாது.

ஆனால் லைட்ரூம் இப்போது சந்தாவில்தான் கிடைக்கும். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். படங்களை உன் கம்ப்யூட்டரிலேயே வைத்து வேலை செய்கிற லைட்ரூம் கிளாசிக்கில் உன் படங்கள் எங்கேயும் போய்விடாது. பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்துகிற பகுதி பூட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் மாதா மாதம் வருமானம் வர ஆரம்பித்தால் தாராளமாகக் கட்டு. கல்லூரிப் பையன் அப்பா கார்டில் கட்டவேண்டிய பணம் இல்லை அது.

அதுவரைக்கும் லைட்ரூமின் வேலையைச் செய்கிற டார்க்டேபிள் இருக்கிறது. முழுக்க இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். செய்த திருத்தங்களைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பில் எழுதி வைக்கும், ஹார்ட் டிஸ்க் மாற்றினால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போ. முதல் வாரம் அழவைக்கும். அத்தனை பட்டன்கள், ஒரே வேலைக்கு நான்கு வழிகள். ரா தெரபியும் அதே ரகம், எனக்கு அதன் மேல் ஒட்டுதல் வரவில்லை. கிம்ப் பற்றியும் கேட்பாய். 1995-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. ஃபோட்டோஷாப்பின் இடத்தில் வைக்கவேண்டியது, லைட்ரூமின் இடத்தில் இல்லை. ரா ஃபைலைக் கொடுத்தால் அது டார்க்டேபிள், ரா தெரபி மாதிரி ஒன்றைத்தான் துணைக்குக் கூப்பிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அஃபினிட்டி என்ற டிசைன் சாஃப்ட்வேரைக்கூட, அதை வாங்கிய கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. ஆல்பம் டிசைன் பழக அது போதும்.

கிராக் வெர்ஷன் பக்கம் மட்டும் போகாதே. எங்கள் தலைமுறை அதிலேதான் தொழில் படித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒருதடவை ஒரு திருட்டு சிடியோடு வந்த வைரஸ் இரண்டு கல்யாணத்தின் படங்களைத் தின்றுவிட்டது. பெண் வீட்டார் வாசலில் வந்து நின்ற அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் பிரீசெட், அதாவது யாரோ முன்கூட்டியே செய்துவைத்த திருத்தங்களை ஒரே கிளிக்கில் நம் படத்தில் போடுவது. நீ அனுப்பிய படங்களில் உன் தங்கச்சி சாம்பல் பூசினவள் மாதிரி இருக்கிறாளே, அது பிரீசெட் செய்த வேலை. சாஃப்ட்வேருக்கு நம் தோல் என்பது பெரும்பாலும் ஆரஞ்சு. தோலை வெளுத்துக் காட்டுகிற பிரீசெட்டுகள் அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றிவிட்டு நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வேறு ஊர் வெயிலில், வேறு தோலுக்குச் செய்த கணக்கு அது. நம் ஆளுக்குப் போட்டால் மாநிறம் சாம்பலாகும், கூடவே செவந்திப்பூவும் தங்கச் சங்கிலியும் வெளுத்துப்போகும். நாங்கள் கையால் கலர் ஏற்றினோம், இப்போது ஒரே கிளிக். ஃபிலிம் காலத்தில் கலர் லேப்களில் நிறம் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண் படம் போட்ட ஷர்லி கார்டு என்று ஒன்றை வைத்திருப்பார்கள். பழைய வியாதி, புது மாத்திரை வடிவத்தில் வருகிறது. ஆரஞ்சு ஸ்லைடரில் கை வைக்கும் முன்பு அந்த ஆளை நேரில் பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொள்.

லேப்டாப் திரையை எப்போதும் ஒரே வெளிச்ச அளவில் வை, இரவில் மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிட்டு எடிட் செய். ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்தெடு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறக் கணக்கு அது. மற்றதை நேரில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது கேமராவையும் லேப்டாப்பையும் கொண்டு வா. காலையில் எட்டு மணிக்கு நம் திண்ணையில் நல்ல வெளிச்சம் விழும். உன் அத்தையை உட்காரவைத்து ஒரு படம் எடு, ராவில். டிபிபியில் திறந்து வைட் பேலன்ஸ் மட்டும் சரி செய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், மவுஸைத் தொடமாட்டேன். ஒரே சிக்கல்தான். விஷயத்தைச் சொன்னதுமே, “பையன்கிட்ட கொஞ்சம் கலர் ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க” என்கிறாள் உன் அத்தை. அவளை நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா