பின் வீல் ஹப் ஆட்டம்: கோன் தர மறுத்து முழு வீலை வாங்கச் சொல்வது குறித்துப் புகார்

அனுப்புநர்
பெயர், முகவரி இணைத்துள்ள பில் நகலில் உள்ளபடி,
கும்பகோணம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சைக்கிள் பிரிவு.

ஐயா,

உங்கள் டீலரிடம் நான் வாங்கிய கியர் சைக்கிளுக்கு வாரண்டி இன்னும் முடியவில்லை. பின் வீல் ஆடுகிறது என்று உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். சரிசெய்து தந்த சில நாளிலேயே மறுபடி ஆட ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனபோது ஜாப் கார்டில் "தேய்மானம், வாரண்டி கிடையாது" என்று எழுதிவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் செவிலியர். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு இந்த சைக்கிளில்தான் கிளம்புகிறேன். வளைவில் திரும்பும்போது பின் பக்கம் தனியாக நெளிகிறது. ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறது. வண்டியை நிறுத்தி ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் "டக் டக்" என்ற சத்தம் கையிலேயே தெரிகிறது. வெளி நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆட்டம் வீலின் நடுவில் உள்ள ஹப்புக்குள்.

உங்கள் மெக்கானிக் வீலைக் கழற்றவே இல்லை. சாதாரண ஸ்பேனரை வைத்து இடது பக்க லாக் நட்டை முறுக்கியதோடு சரி. ஹப்பின் அச்சான ஆக்சிலில் மரையோடு ஏறி, பேரிங் குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவப் பாகம்தான் கோன்; அது நகராமல் பூட்டுவது லாக் நட். கோனை மெல்லிய கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டோடு கோனும் சுற்றி உள்ளே ஏறி, குண்டுகளை நெரித்துவிடும். அப்படித்தான் ஆனது. அன்று மாலையே பெடல் கனத்தது, வீல் கரகரத்தது. கொஞ்ச நாளில் பழைய ஆட்டமும் வந்துவிட்டது. கேட்டால், "ஓட்டினா தேயத்தான் செய்யும் மேடம்" என்று பதில்.

பிறகு எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் இடது கோனைக் கழற்றி, ஆக்சிலைச் செயின் பக்கமாக முழுசாக உருவினார். அந்தப் பக்கத்துக் கோனும் லாக் நட்டும் ஒன்றோடொன்று இறுகாமல், விரலால் திருகினாலே சுற்றின. "செயின் பக்க நட்டே லூசும்மா. இந்தப் பக்கம் எத்தனை தடவை டைட் வச்சாலும் நிக்காது" என்றார். ஆக்சிலை உருவி வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்தால்தான் அந்த ஜோடியைச் சரியாக இறுக்க முடியும். உங்கள் சென்டரில் ஆக்சிலை வெளியே எடுக்கவே இல்லை. அப்படியானால் அந்த நட்டு தொழிற்சாலையில் மாட்டியபோதே இறுகவில்லை. இது ஓட்டியதால் வந்த தேய்மானம் எப்படி ஆகும்?

உள்ளே கிரீஸும் பேருக்குத்தான் இருந்தது. இருந்த கொஞ்சமும் துரு கலந்து செங்கல் நிறத்தில் வந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதும் செயின் பக்கக் கோன் பளபளத்தது. ஆனால் குண்டு ஓடும் பாதையில் வரிசையாகச் சிறு குழிகள், அம்மைத் தழும்பு போல. நகத்தால் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன். குண்டுகள் உருளும்படி ஹப்பில் பதிந்திருக்கும் கிண்ணம் போன்ற கப் இரண்டும் வழவழப்பாக, பழுதில்லாமல் இருக்கின்றன. ரிம், ஸ்போக்ஸ் எதிலும் குறையில்லை. கடைக்காரர் பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டு கால் இஞ்ச் குண்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் நிரப்பி, ஆட்டமும் இறுக்கமும் இல்லாமல் கோனை அமைத்துத் தந்தார். இப்போது பாக்கி அந்த ஒரு கோன்தான். குழி விழுந்த கோனிலேயே ஓட்டினால் புதுக் குண்டுகளும் கெடும், பின்னால் கப்பும் கெடும். கப் போனால் ஹப்பே போனது போலத்தான்.

அந்தக் கோனை உங்கள் சென்டரில் கேட்டபோது, "தனியா வராது, முழு வீல்தான் வாங்கணும்" என்கிறார்கள். வெளிக் கடைகளிலும் தேடினேன். மரை பொருந்தினால் குண்டு ஓடும் வளைவு பொருந்தவில்லை. தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே தனியாகச் செய்யப்படும் பாகம் கோன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளுக்கு ஊர்க் கடையிலேயே கோன் கிடைக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு, செய்த கம்பெனியிடமே இல்லை என்றால் என்ன நியாயம்?

எனவே, இந்த மாடலுக்குரிய செயின் பக்கக் கோனையும் லாக் நட்டையும் வாரண்டியில் இலவசமாக அனுப்புங்கள். அனுப்ப இயலாவிட்டால் பின் வீலை உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். வெளியில் வேலை பார்த்த செலவையும், சென்டரில் வாங்கிய சர்வீஸ் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஜாப் கார்டில் உள்ள "தேய்மானம்" என்ற குறிப்பை நீக்கி எழுத்தில் தர வேண்டும். பழைய குண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; குழி விழுந்த கோன் வண்டியிலேயே இருக்கிறது. உங்கள் பொறியாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். அதன்பின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு நகல்கள்; கோன், குண்டுகளின் புகைப்படங்கள்.