கோபோல் இன்னும் சாகவில்லை

ஆசிரியருக்கு,

கோபோலைச் செத்துப்போன கணினி மொழி என்று எழுதியிருந்தீர்கள். 1959ல் பிறந்த மொழிதான், சரி. ஆனால் ஐபிஎம்மின் கோபோல் கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) 2016லேயே, 6.1 பதிப்பில், ஜேசன் (இன்றைய ஆப்புகள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) எழுதும் வசதி வந்துவிட்டது; அடுத்த வருஷமே 6.2ல் ஜேசனைப் படிக்கும் வசதியும் வந்தது. அதேபோன்ற இன்னொரு வடிவமான எக்ஸ்எம்எல்லுக்கான வசதி அதற்கும் முன்பே உண்டு. ஆக, பழைய வங்கிக் கணக்கு நிரலும் செல்போன் ஆப்பும் ஒரே வடிவில் தகவல் பரிமாறிக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில். கோபோலில் பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள், ஜேசனுக்கோ அந்தக் கவலையே கிடையாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'திருநாவுக்கரசு' 42 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) பிடிக்கும். பெயருக்கு 30 பைட்தான் என்றால் பயிர்க்கடன் பட்டியலில் 'திருநாவுக்' என்று நிற்பார், அப்புறம் ஆதாரோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று அந்த மனுஷன் நடவு நேரத்தில் எங்கே போய் அலைவது?

தஞ்சாவூர், திருச்சி பக்கத்துக் கல்லூரிகளில் பைத்தான் கணினி மொழியோடு கோபோலையும் ஒரு பருவம் சொல்லிக்கொடுக்கலாம். தமிழ்ப் பெயர்களை வைத்தே பயிற்சி கொடுங்கள்.

- ஒரு வாசகர், கும்பகோணம்