அலம்பல் வேலியும் கறுத்த கண்ணும்

யோர்க்‌ஷயர்,
2024 ஜூன் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். சம்பளமில்லாமல் காட்டுக்குள் போய் மரம் வெட்டுகிறானாம், மிச்ச நேரத்தில் குருவி படம் எடுக்கிறானாம் என்று தங்கச்சியிடம் நீங்கள் குறைப்பட்டதாக அறிந்தேன். தொலைபேசியில் விளக்கினால் இடையில் சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே ஹேசல் என்றொரு சிறு மரம் உண்டு. அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தோடு ஒட்ட வெட்டினால், கட்டையிலிருந்து நேரான தடிகள் பற்றையாகக் கிளம்பும். அப்படி வெட்டுப்படும் மரம், தொடாமல் விட்ட மரத்தைக் காட்டிலும் பல மடங்கு காலம் நிற்கும். நீங்கள் ஆண்டுதோறும் நம் வேலிக் கிளுவையை வெட்ட, அது மழைக்குத் தழைக்கிறதே, அதே சங்கதிதான். வெட்டிய இடத்தில் வெயில் விழுவதால், அதுவரை இருட்டில் கிடந்த நிலத்தில் பூக்கள் மலர்கின்றன. பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன், அதாவது மார்ச் மாதத்துக்குள், வாளையும் கத்தியையும் வைத்துவிட வேண்டும். பாலை, முதிரை மரங்களில் கை வைத்தால் வழக்கு என்று கேட்டு வளர்ந்த எனக்கு, வெட்டி வாழவைக்கும் இந்த முறை முதற் குளிர்காலம் முழுவதும் பிடிபடவேயில்லை.

தளிரை மான் கடித்துவிடும் என்பதால், கழித்த கிளைகளை, நிலத்தில் அறைந்த முளைக்கம்புகளுக்கிடையே அடுக்கிச் சுற்றிவர அடைக்கிறோம். அவர்கள் இதை 'டெட் ஹெட்ஜ்' என்கிறார்கள். பார்த்தவுடன் எனக்கு நம் அலம்பல் வேலிதான் நினைவுக்கு வந்தது. நான் அடுக்கியது முதல் நாளே சரிந்தது. மறுமுறை, நீங்கள் காட்டித்தந்தபடி தடித்ததையும் மெல்லியதையும் மாறி மாறிப் பின்னி, ஏறி மிதித்து இறுக்கினேன், நின்றுவிட்டது.

படம் எடுப்பது பெம்ப்டன் என்ற கடலோரத்தில். சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய நூறு மீற்றர் செங்குத்தாக நிற்கிறது. மேலே நின்றால், காற்றில் எழும்பும் பறவை நம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். முன்னர் இவ்வூரார் கயிற்றில் தொங்கி முட்டை எடுத்திருக்கிறார்கள். பறவைகளைக் காக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது நின்றது. நான் தேடிப் போவது கனெட் என்ற பெரிய வெள்ளைப் பறவையை: சிறகு விரித்தால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, தலை தேன் நிறம், சிறகு நுனி கறுப்பு. இருண்ட கடலுக்கு முன் அதன் வெள்ளை, படத்தில் வெறும் சுண்ணாம்புத் திட்டாகிவிடும். கமராவில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால்தான் இறகு தெரியும். இதைக் கற்க நானூறு படங்கள் வீணாயின.

2022இல் பறவைக் காய்ச்சல் இவற்றைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தப்பிய சிலவற்றுக்கு, வெளிர்நீலமாக இருந்த கண் கறுத்துவிட்டது. இணைத்துள்ள இரண்டாம் படத்தில் இருப்பது அப்படி ஒன்று. அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

நாயாற்றுப் பாலத்தால் போகும்போது, ஆலாப் பறவைகள் எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக இறங்குகின்றன என்று பார்த்து எழுதுங்கள். மார்கழியில் கமராவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மகன்