வாடகைக்கு விட்ட வீட்டை ஒரு நடை போய்ப் பாருங்கள்

மலேசியா, கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருக்கிற வீடு போக இன்னொன்றும் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வரிசையில் ஒரு வாடகை வீட்டில் சியாபு, அதாவது மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள், சமைக்கிறார்கள் என்று சந்தேகம். இதைப் போலீசுக்கு அல்லவா எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் புகாராகவே கொடுத்தாயிற்று. உங்களிடம் பேச வேண்டியது வேறு. சியாபு சமைப்பவனுக்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டுச் சாவியை நம் ஆட்களே எடுத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் வாடகை கொஞ்சம் கூடுதலாக வருகிறதே என்ற சந்தோஷத்தில்.

எங்கள் வரிசையில் ஓரத்து வீடு ஒன்று இருக்கிறது, பின்னால் செம்பனைத் தோட்டம். அங்கே குடிவந்தவர்கள் முதல் வாரமே ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினார்கள். பின்கட்டில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இரண்டு, ராத்திரி பகலாக ஓடும். கொடியில் ஒரு துணி காய்ந்து யாரும் பார்த்ததில்லை. குப்பை லோரி வரும் நாளில் அவர்கள் வாசலில் மட்டும் பை இருக்காது, எல்லாம் காரில் ஏறி எங்கேயோ போகும். பூனை மூத்திரமும் பெயின்ட் தின்னரும் கலந்த மாதிரி ஒரு நெடி, கண்ணைக் கரிக்கும். வீட்டுக்காரர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். போன் போட்டுச் சொன்னால், “ஆறு மாத வாடகை முன்பணமாகக் கொடுத்த நல்ல பையன்கள்” என்கிறார். ஆறு மாதக் காசை ரொக்கமாக எண்ணி வைத்துவிட்டு, நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஒருவன் சொல்லும்போதே நமக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டாமா?

சியாபு எல்லாம் பர்மா ஷான் மாநிலத்திலிருந்து வருகிறது, நம் ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கோயில் வாசலில் பேசுகிறார்கள். இந்த வட்டாரத்தில் புழங்கும் சரக்கில் பெரும்பங்கு அங்கேயிருந்து வருவது உண்மைதான். ஆனால் 2006-இல் பெரிய சியாபு ஆலை ஒன்று பிடிபட்டது இதே கூலிமில், மறந்துவிட்டதா? பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர் என்று இப்போதும் சோதனைச் செய்தி வருகிறதே, அதில் பல இடம் வாடகை பங்களா, கொண்டோ, கடைவீடு.

ஒரு கிலோ சியாபு சமைத்தால் ஐந்து, ஆறு கிலோ நச்சுக் கழிவு மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. அதைச் சிங்க்கிலும் கக்கூஸிலும் ஊற்றுவார்கள், இல்லை ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்து வாய்க்காலில் கொட்டுவார்கள். நம் பிள்ளைகள் தூண்டில் போடும் வாய்க்கால் அது. ஆள் போன பிறகும் சுவரிலும் சீலிங்கிலும் தரைவிரிப்பிலும் அந்த விஷம் தங்கியிருக்கும். நீங்கள் ஒரு கோட் சுண்ணாம்பு அடித்து அடுத்த குடும்பத்துக்கு விடுவீர்கள், அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை அந்தத் தரையில்தான் தவழும்.

கேத்தும் தண்ணி விற்பவனையும் இதில் சேர்க்கச் சொல்கிறார்கள் சிலர். கேத்தும் இலையைக் கொதிக்க வைத்த போதைத் தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு விற்கிறார்களே, அதுதான். அது 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் வருகிறது, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ நாலு வருடம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அது தனிச் சண்டை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் சியாபுக்காரன்தான் தப்பிப்பான்.

எனக்கு அதிகம் எரிவது ‘ஜாகா’ வேலைக்குப் போகும் பையன்களை நினைத்துத்தான். சமைப்பவன் வெளியூர்க்காரன், சம்பாதிக்கிற முதலாளி முகத்தை யாரும் பார்த்ததில்லை. வாசலில் மோட்டாரை நிறுத்திக் காவல் இருப்பதும் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதும் நம் லயத்துப் பையன்கள். அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் தயாரிப்பதும் கடத்தல்தான், 39பி பிரிவு. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கியது, சரி. நீதிபதி நினைத்தால் தூக்கு இன்னமும் உண்டு, இல்லையென்றால் ஆயுள் சிறையோடு பிரம்படி. சோதனை நடக்கும் நேரத்தில் வாசலில் அகப்படுவது எவன் என்று நான் சொல்லவா வேண்டும்? தெரிந்தே இடம் கொடுத்தவரையும் சட்டம் விடாது, அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.சி. (அடையாள அட்டை) நகலை வாங்கி ஆளின் முகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி ஸ்டாம்பிங் செய்யுங்கள், நூறு இருநூறு ரிங்கிட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே வந்து பார்ப்பேன் என்று அதில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதியபடி வாருங்கள். முடியாது என்பவனுக்கு வீடு இல்லை, அவ்வளவுதான். நெடி அடித்தால் கதவைத் திறந்து வீரம் காட்ட வேண்டாம், விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள், ஆவி தீப்பிடிக்கும். தள்ளி நின்று போலீசுக்குப் போன் போடுங்கள். அப்புறம் தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடாதீர்கள், அந்த குரூப்பில் அவர்களும் இருக்கலாம்.

அடுத்த மாதக் குடியிருப்போர் கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களும் வர வேண்டும். பட்டர்வொர்த்காரர் உட்பட.

இப்படிக்கு,
ஓரத்து வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன்