ஞாயிறு பந்தியும் ஒரு பழைய கேள்வியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எதற்காகச் சத்தம் போட்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏழைகளுக்கு நாம் போடும் ஞாயிறு மதியப் பந்திக்கு வருகிறவர்களிடம் ரேஷன் அட்டை கேட்க வேண்டும், குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. முடிவெடுக்காமலே கலைந்தோம். ஏழைக்குக் கொடுப்பதைப் பற்றி மதங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று முதலில் படிப்போம் எனத் தலைவர் சொன்னார். இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் அதற்கே போயின.

இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஜகாத் பற்றிய கூட்டத்துக்கு நல்ல கூட்டம். வரம்புக்கு மேல் ஓராண்டு கையிருப்பில் இருக்கும் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. கடனாளியும் வழிப்போக்கரும் அதில் உண்டு. அது ஏழையின் உரிமை, பணக்காரரின் தயவு அல்ல என்று பேசியவர் அழுத்திச் சொன்னார். சீக்கியர்களின் பொதுப் பந்தியான லங்கர் பற்றியும் பேசினோம். எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழிபாட்டோடு சேர்ந்தது.

ஐரோப்பாவின் கதைதான் வயிற்றைக் கலக்கியது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி அசிசியின் பிரான்சிஸ் வறுமையைப் புனிதமாக்கினார். 16ஆம் நூற்றாண்டில் பல நகரங்கள் பிச்சையெடுப்பதைத் தடுக்கக் கிளம்பிவிட்டன. உழைக்க முடியாதவர், உழைக்க மறுப்பவர் என்று ஏழைகளைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. உதவி செய்தால் ஏழைகள் பெருகுவார்கள் என்று வாதிட்ட ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் ஒரு ஆங்கிலிகன் பாதிரியார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்காக நடத்திய கல்லூரியில் 1805 முதல் பாடம் எடுத்தவரும் அவரே. 1877இல் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில், நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம்.

அந்தப் பஞ்சத்துக்குப் பத்து ஆண்டு முன்பு, 1867 மே 23இல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். இடம் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், 80 காணி (காணி என்பது பழைய நில அளவை). அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. முன்வினையால் பட்டினி கிடப்பவனுக்குச் சோறு போடுவது கடவுளின் தண்டனையில் குறுக்கிடுவதாகாதா என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். முன்வினையை மறுக்கவில்லை. தன் கட்டளையை மீறிச் சிறையிலிருக்கும் குற்றவாளிக்கும் அரசன் சேவகர்களை வைத்துச் சோறு போடுகிறானே என்கிறார். பசித்தவரிடம் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

வடலூர் பயணத்தில் நம்மிடமும் யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. ரேஷன் அட்டைத் தீர்மானத்தைக் கொண்டுவந்த உறுப்பினர் அங்கே இரண்டாம் முறை சாம்பார் வாங்கினார் என்பதைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லியிருக்கிறார்கள். பதிந்துவிட்டேன்.

சரி, முடிவுக்கு வருகிறேன். அட்டை கேட்க வேண்டாம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. குடித்துவிட்டு வருகிறவர்கள் விஷயத்தில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ‘செய்கை’யையும் பார்க்காதே என்றால் அவர்களுக்கும் இலை போட வேண்டும், ஆனால் பரிமாறும் பெண்கள் படும் சங்கடமும் பொய்யல்ல. பொட்டலமாகக் கட்டி வாசலிலேயே கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, வாசலில் நிறுத்திக் கொடுப்பது பந்தி ஆகாது. உங்கள் வாக்குக்கு விடுகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய அண்டா ஓட்டையாகிவிட்டது, புதிது வாங்க ஒப்புதல் தேவை. அப்புறம், தை மாதச் சமையலுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.