மலையகச் சிறுகதைப் போட்டிகளில் விஞ்ஞானப் புனைகதைக்கும் இடம் வேண்டும்

மலையகத்தில் சிறுகதைப் போட்டிகளை நடத்தும் இலக்கிய அமைப்புகளுக்கும், நடுவர்களுக்கும், சஞ்சிகை ஆசிரியர்களுக்கும்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். நான் அட்டன் வட்டாரப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்களும் பழைய மாணவர்களும் எழுதிக் கொண்டுவரும் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது நான் விரும்பி ஏற்றுக்கொண்ட பணி. அவர்களில் சிலர் விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட கதையொன்று அண்மையில் ஒரு போட்டியிலிருந்து "மண்வாசனை இல்லை" என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. அதற்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு அது அளக்கப்பட்டது என்பதைக் கேட்கவே எழுதுகிறேன்.

அந்தக் கதையில் ஒரு தோட்டத்தின் மலைச்சரிவு முழுவதும் உணரிக் கருவிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பி, அங்கே அழுத்தம் ஏறி, மண்துகள்களின் பிடி தளர்வதை அவை நொடிக்கு நொடி கணிக்கின்றன. எந்த லயம், அதாவது தொழிலாளரின் எந்த வரிசைக் குடியிருப்பு, எந்த மணிக்குப் புதையும் என்பது மூன்று நாள்களுக்கு முன்பே பிழையின்றித் தெரிந்துவிடும். எல்லோருடைய கைப்பேசிக்கும் தமிழிலேயே செய்தி வரும். சனங்கள் பாடசாலை மண்டபத்துக்குப் போவார்கள், லயம் புதையும், மீண்டவர்களுக்கு அடுத்த சரிவிலுள்ள பழைய லயத்தில் இடம் ஒதுக்கப்படும், சில மாதங்களில் அந்த லயத்துக்கும் நாள் குறித்துச் செய்தி வரும். கருவி ஒருமுறைகூடத் தவறுவதில்லை. கதையின் கொடூரமே அதுதான்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அப்போதும் எச்சரிக்கை உரியவர்களுக்குப் போனதா, போயிருந்தால் ஏன் எவரும் இடம்பெயரவில்லை என்ற விவாதமே முன்னின்றது. யதார்த்தக் கதையொன்று இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டால், கருவியின் பழுதோ ஓர் உத்தியோகத்தரின் அசட்டையோ குற்றத்தைத் தாங்கிக்கொள்ள அங்கே எப்போதும் ஓர் இடம் இருக்கும். விஞ்ஞானப் புனைகதை அந்த இடத்தை அகற்றிவிட வல்லது. கருவி குறையற்றது, உத்தியோகத்தர் கடமை தவறாதவர், செய்தி உரிய நேரத்தில் உரிய மொழியில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்ட பின்னும் மக்கள் ஆபத்தான சரிவுக்கே திரும்புகிறார்கள் என்றால், எஞ்சி நிற்கும் காரணம் அவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை என்பது ஒன்றே. இதைவிட மலையகத்து மண்ணோடு ஒட்டிய கதையை நான் எங்கே தேடுவது?

நமது யதார்த்த மரபை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதியிராவிட்டால், 1948இல் குடியுரிமையைப் பறித்த நாடு எங்களை மனிதர்களாக அல்லாமல் ஏற்றுமதிக் கணக்காகவே நினைவு வைத்திருக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களமும், கொழுந்துக் கூடையும், அரைநாள் சம்பளமான அரைப்பேரும் தமிழ் இலக்கியத்துக்குள் வந்தது அவர்களால். ஆனால் அவர்கள் கண் முன்னே இருந்ததை எழுதினார்கள் என்பதால், பின்வருவோரும் அதே காட்சிகளைத்தான் எழுத வேண்டும் என்று விதிப்பது அவர்களுடைய துணிவுக்குச் செய்யும் மரியாதையாகாது. இன்றைய பிள்ளைகளின் கண் முன்னே இருப்பவற்றில் கைப்பேசியும், மின்தராசும், கொழுந்து வெட்டும் இயந்திரமும் அடங்கும்.

உலகம் அறிந்த விஞ்ஞான நாவல் ஒன்றின் களம் நம் மலையே என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியின் அடித்தளத்தைச் சிவனொளிபாதமலையை ஒத்த மலையுச்சியில் நிறுவினார். அத்தகைய மின்தூக்கி, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதையிலிருந்து தொங்க வேண்டியது. அதன் கால் பூமத்திய ரேகையில் ஊன்றியாக வேண்டும். சிவனொளிபாதமலையோ அதற்கு ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே நிற்கிறது. கிளார்க் பௌதிக விதியை வளைக்கவில்லை. தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இருமடங்காக்கி, அதை நூலின் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்த வகை எழுத்தின் நேர்மை இதில் இருக்கிறது. எதை மாற்றினோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்ற அனைத்திலும் இயற்கைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நாவலில் மின்தூக்கிக்கு எதிரான தடை மலையுச்சியின் மடாலயத்துப் பிக்குகளிடமிருந்து வருகிறது. மஸ்கெலியாவிலோ நல்லதண்ணியிலோ வளர்ந்த வாசகருக்கு வேறொரு கேள்வி எழும். அடிவாரத்துத் தோட்டங்கள் என்னவாகும், அந்த வேலைத்தளத்தில் கல் சுமப்பவர் யார், அவருடைய நாட்சம்பளத்தைத் தீர்மானிப்பவர் யார்? மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனதையும், கடும் வரட்சியில் கோயிற் கட்டடங்கள் வெளியே தெரிவதையும் பார்த்தவர்கள் நாம். பெரிய பொறியியற் கனவுகளை அடிவாரத்திலிருந்து பார்த்து எழுதும் விமர்சனத்தை மலையகம்தான் தர முடியும். அதைத் தராமல் இருப்பது நமக்கும் நட்டம், அந்த இலக்கியத்துக்கும் நட்டம்.

கதைப் பொருளுக்கு விண்வெளிவரை போக வேண்டியதும் இல்லை. வீ.பீ. தேயிலை என்று நாம் சொல்லும் செடிகள், ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தண்டுத்துண்டுகளிலிருந்து வளர்க்கப்படுபவை. ஒரே இரகம் நட்ட மலையில் உள்ள செடிகள் அனைத்தும் ஒரே தாய்ச்செடியின் நகல்கள். நகலாக்கம் பற்றிய கற்பனையை மற்றவர்கள் ஆய்வுகூடங்களில் வைத்து எழுதுகையில், எம் பெண்கள் தினமும் அதன் நடுவே நின்று கொழுந்து பறிக்கிறார்கள். அதே செடியின் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு, தான் குடைந்த சுரங்கத்தில் பூஞ்சையைப் பயிரிட்டுக் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. தோட்டத்துக்குள்ளே இன்னொரு தோட்டம். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் சுமார் இருபது ஆண்டுகளில் இந்நாட்டின் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்தது. நாம் தேயிலை மலைகளில் நிற்பதற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம். நகல்கள் நிறைந்த மலைகளில் அப்படியொரு நோய் நாளை பரவினால் என்ன நடக்கும் என்று உயர்தர மாணவி ஒருத்தி எழுதினால், அவள் வரலாற்றையும் உயிரியலையும் ஒன்றாகவே எழுதுகிறாள்.

இத்தகைய கதைகளை மதிப்பிட விமர்சன அறிவும் வேண்டும். கிளார்க்கின் நாவல் வெளிவந்த அதே 1979இல் டார்கோ சுவின் என்ற திறனாய்வாளர், விஞ்ஞானப் புனைகதையின் மையத்தில் அறிவுக்கு ஒத்த ஒரு புதுமை இருக்க வேண்டும் என்றும், கதையுலகம் முழுவதும் அந்தப் புதுமையின் விளைவாக மாற வேண்டும் என்றும், அதன் வழியாக நம் பழகிய உலகம் நமக்கே அந்நியமாகத் தோன்ற வேண்டும் என்றும் எழுதினார். இந்த அளவுகோலை நான் முழுமையாக ஏற்கவில்லை. மரபு அறிவுக்கும் தொன்மத்துக்கும் அது கதவை இறுகச் சாத்துகிறது. ஜெயமோகனின் 'விசும்பு' போன்ற தமிழ்த் தொகுதியை அதனால் மட்டும் அளந்துவிட முடியாது. ஆயினும் வேற்றுக்கிரகவாசியின் பெயரை மாற்றிவிட்டால் சாதாரணக் குடும்பக் கதையாகிவிடும் படைப்பையும், புதுமையை நீக்கினால் கதையே இல்லாமற் போகும் படைப்பையும் வேறுபடுத்திப் பார்க்க அது உதவும். சுஜாதா தமிழில் இவ்வகை எழுத்துக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார். அந்த வாசிப்புக்கு ஈடான விமர்சனம் நம் சஞ்சிகைகளில் வளரவில்லை.

ஆகையால் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள் இது. அடுத்த போட்டியின் அறிவித்தலிலேயே விஞ்ஞானப் புனைகதைகளும் ஏற்கப்படும் என்ற வரியைச் சேருங்கள். அதற்கெனத் தனிப் பிரிவு வேண்டாம். தனிப் பிரிவு அவற்றை ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். நடுவர் குழுவில் இலக்கியம் அறிந்தோருடன் விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவரையும் அமர்த்துங்கள். நிராகரிக்கும் கதைக்கு ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு பந்தி எழுதி அனுப்புங்கள். பதினேழு வயதில் எழுதுபவருக்கு அந்தப் பந்தி பரிசைவிடப் பயன்படும். சஞ்சிகை ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஓர் இதழிலாவது இவ்வகைக் கதைகளையும் அவை பற்றிய விமர்சனங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் பயிலும் ஆசிரியர்களை அழைத்து ஒரு நாள் வாசிப்புப் பட்டறை நடத்த முடியுமானால், அவர்கள் மூலம் இந்த வாசிப்பு தோட்டப் பாடசாலைகளுக்குள்ளும் போகும்.

கதைகளை வாசிக்கவும் அவற்றிலுள்ள விஞ்ஞானத்தைச் சரிபார்க்கவும் ஆள் தேவைப்பட்டால், நானும் என்னோடு கற்பிக்கும் ஆசிரியர்களும் கொடுப்பனவு எதுவுமின்றி வருவோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
அட்டன்